நாடகத்துக்கு ஒரு கற்பனை நாட்டுக் கொடி: அளவு, தையல், ஏற்றும் முறை, மரியாதை

#1 | ஒட்டுப்பால்
வணக்கம். மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டப் பள்ளி மண்டபத்தில் மேடையேறப் போகும் நாடகம். கதை நடப்பது ஒரு கற்பனைத் தீவு நாட்டில். அந்த நாட்டுக் கொடி நான்கு காட்சிகளில் வருகிறது: துறைமுகத்தில் ஏற்றுவது, தூதர் மேசையில் இரண்டு சின்னக் கொடி, அரசர் இறந்த நாளில் அரைக்கம்பம், கடைசியில் சவப்பெட்டி மேல் போர்த்துவது.

இப்போதைக்கு வரைந்திருப்பது: மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே பச்சை, நடுவே கறுப்பில் ஒரு பாய்மரம். அளவு 3 அடிக்கு 6 அடி. துணி சாட்டின். கம்பம் பிவிசி குழாய். எங்கெங்கே தப்பு என்று சொல்லுங்கள். கொடி மரியாதைக்கும் ஒரு பட்டியல் எழுதித் தந்தால் நடிகர்களிடம் கொடுத்துவிடலாம்.

#2 | கொடிப்பித்தன்
முதல் தப்பு படத்திலேயே இருக்கிறது. நீலம், வெள்ளை, பச்சை, நடுவில் கறுப்புச் சின்னம் என்றால் அது லெசோத்தோ. அங்கே கறுப்பில் இருப்பது வைக்கோல் தொப்பி, இங்கே பாய்மரம். 20 அடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றுதான். தலைகீழாகக் கட்டிவிட்டால் பச்சை மேலே வந்து சியரா லியோன் ஆகிவிடும்.

மூன்று கிடைப்பட்டை என்று எதை எடுத்தாலும் உலகத்தில் யாரோ ஒருவர் முந்திக்கொண்டிருப்பார். இரண்டு பட்டையில் இன்னும் மோசம். சிவப்பு மேல், வெள்ளை கீழ் என்றால் இந்தோனேசியா, மொனாக்கோ, புரட்டினால் போலந்து. 2017 கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியின் வழிகாட்டிப் புத்தகத்தில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகி, நம் நாடு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஆகவே கொடி வரைந்ததும் முதல் சோதனை இதுதான்: தாளைத் தலைகீழாகப் பிடியுங்கள். வேறு நாடு தெரிந்தால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரையுங்கள்.

பேராவில் போடுகிற நாடகம் என்பதால் இன்னொன்று. வெள்ளை, மஞ்சள், கறுப்பு கிடைப்பட்டை பக்கமே போகாதீர்கள், அது மாநிலக் கொடி. முழு மஞ்சள் தளமும் வேண்டாம். மாமன்னரின் கொடி மஞ்சள் தளத்தில் அரசச் சின்னம்.

#3 | மேடைவிளக்கு
சாட்டின் வேண்டாம். முன்விளக்கு பட்டால் மடிப்பு மடிப்பாகப் பளபளக்கும், நிறம் தெரியாது, வெளுப்புதான் தெரியும். வெட்டிய ஓரமும் நூல் நூலாகப் பிரியும். பளபளப்பில்லாத பாப்ளின் எடுங்கள். கரும்பச்சையும் கருநீலமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒரே கறுப்பு. இடையில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடட்டும்.

பிவிசி கம்பமும் வேண்டாம். 3 மீட்டருக்கு மேல் போனால் கயிறு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் வில் மாதிரி வளையும். அரசர் செத்த காட்சியில் சபை சிரிக்கும்.

#4 | ஒட்டுப்பால்
லெசோத்தோ விஷயம் தெரியவே தெரியாது, நன்றி அண்ணே. அப்படியானால் என்ன வரைவது? தோட்டத்து அடையாளம் ஏதாவது இருந்தால் நம் ஆட்களுக்குப் பிடிக்கும்.

#5 | கொடிப்பித்தன்
ரப்பர் இலை. ஒரே காம்பில் மூன்று சிற்றிலை, தூரத்திலிருந்தும் உருவம் தெரியும், கத்தரிக்கோலுக்கும் சுலபம். எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம்.

மண்டபத்துக்குள் காற்று இல்லை. காற்றில்லாத கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். கம்பப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் வைத்த சின்னம் மடிப்புக்குள் போய்விடும். நம் தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங்கைப் பாருங்கள், பிறையும் நட்சத்திரமும் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில். தொங்கினாலும் எந்த நாடு என்று தெரிகிறது.

என் யோசனை: கம்பப் பக்கம் நிமிர்ந்த பச்சைப் பட்டை, அதில் வெள்ளை இலை. அடுத்து ஒடுங்கிய வெள்ளைக் கோடு. மீதி முழுக்க நீலம். பார்த்ததும் வேறு நாடு நினைவுக்கு வராது, தொங்கினாலும் இலை தெரியும்.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. பட்டைகள் நிமிர்ந்து நிற்பதால் தலைகீழாகக் கட்டினாலும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது, இலை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். எனவே இலைக்குக் காம்பு வையுங்கள், காம்பு கீழே, நுனி மேலே. காம்பில்லாமல் மூன்று சிற்றிலையை வட்டமாக அடுக்கினால் மேல் எது கீழ் எது என்று கட்டுகிறவருக்கே தெரியாது.

#6 | தையல்மெஷின்
அளவை மாற்றுங்கள் தம்பி. 3க்கு 6 வெளியே காற்றில் அழகு, மேடையில் வெறும் துணிப் பாரம். 2க்கு 3 விகிதம் போதும்: தைத்து முடிந்தபின் உயரம் 90 செ.மீ., நீளம் 135 செ.மீ. பட்டைகள் பச்சை 45, வெள்ளை 5, நீலம் 85.

வெட்டும் அளவு (தையலுக்கு ஓரத்துக்கு 1.5, மேல் கீழ் மடிப்புக்கு 2 வீதம், பறக்கும் ஓரத்துக்கு, அதாவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்துக்கு, 4):

பச்சை 48 × 94
வெள்ளை 8 × 94
நீலம் 90.5 × 94

கடையில் 150 செ.மீ. அகலத் துணி கிடைத்தால் நீலம் 1 மீட்டர், பச்சை அரை மீட்டர், வெள்ளை அரை மீட்டர். அந்த வெள்ளையிலேயே இரண்டு பக்கத்து இலையும் வந்துவிடும். 115 செ.மீ. அகலம் என்றாலும் மூன்றும் இதே அளவு போதும். வாங்கினதும் மூன்றையும் தனித்தனி வாளியில் நனைத்து, காய்ந்தபின் இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். நனைக்காமல் வெட்டித் தைத்தால், முதல் சலவையில் ஒரு நிறம் சுருங்கும், இன்னொன்று சுருங்காது, தையல் நெடுக அலை அலையாக நிற்கும். பச்சை வெள்ளையில் இறங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இணைப்புத் தையல் ஒற்றை ஓட்டு போதாது. கொடிக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் சபை பார்க்கும். முதலில் 1.5-ல் ஓட்டுங்கள், ஒரு ஓரத்தை 6 மி.மீ.க்குக் கத்தரித்து, மற்ற ஓரத்தால் அதை மூடி மடித்து மறுபடி ஓட்டுங்கள். ஜீன்ஸ் காலில் உள்தையல் இருக்கிற மாதிரி. ஊசி 14, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 மி.மீ. சுருக்கம் விழுந்தால் துணியைக் குறை சொல்லாதீர்கள், பாபின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள்.

பறக்கும் ஓரம் 2 செ.மீ. வீதம் இரண்டு மடிப்பு, அதன் மேல் மூன்று வரிசை ஓட்டு. கொடி கிழிவது எப்போதும் அந்த ஓரத்தின் மூலைகளில்தான். இரண்டு மூலைக்கும் உள்ளே ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தையுங்கள்.

#7 | கங்காணி வீட்டுப் பேரன்
அக்கா, இலையை ஒட்டுப் பசையால் ஒட்டினால் ஆகாதா?

#8 | தையல்மெஷின்
ஒரு காட்சிக்கு ஆகும், நான்கு காட்சிக்கு ஆகாது. சூடான விளக்கில் பசை இளகி ஓரம் கிளம்பும்.

இரண்டு இலையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே அச்சை இரண்டு தடவை வைத்து வெட்டினால், சிற்றிலை சரிசமமாக இல்லாவிட்டால் பின்பக்கம் பொருந்தாது. இரண்டு துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முகத்தை முகத்தோடு வைத்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். உயரம் 36, அகலம் 30. பச்சைத் துணியின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஊசி குத்தி, முதலில் ஓட்டுத் தையலால் பிடித்து, அப்புறம் ஓரம் முழுக்க 3 மி.மீ. வளைதையல். பச்சைப் பட்டையில் இலையைப் பதித்த பிறகே மற்றப் பட்டைகளோடு இணையுங்கள். முழுக்கொடியையும் மெஷினுக்குள் சுருட்டித் திருப்பினால் பச்சைத் துணி இழுபட்டுக் கோணும்.

எழுத்து எதுவும் வேண்டாம், தமிழ் எழுத்துகூட. ஒரு பக்கம் நேராக வாசித்தால் மறுபக்கம் வலமிடமாகும். சவூதிக் கொடியில் வாசகம் இருப்பதால் இரண்டு பக்கமும் சரியாக வாசிக்க இரண்டு கொடியை முதுகோடு முதுகாக வைத்துத் தைக்கிறார்கள். மேடைக்கு அது வீண் பாரம்.

#9 | சாரணர் முடிச்சு
கம்பம், கயிறு என் வேலை.

கம்பம்: இரும்புக் குழாய் முக்கால் அங்குலம், 3.5 மீட்டர். அடிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பாதி அளவு கான்கிரீட், சுமார் 24 கிலோ வரும். கம்பத்தை நேரே கான்கிரீட்டில் நடாதீர்கள், பிறகு லோரியில் ஏற்ற முடியாது. கம்பம் லேசாக நுழையும் அளவுக்குப் பெரிய குழாய்த் துண்டு 40 செ.மீ. எடுத்து அதை நடுங்கள், கம்பத்தை அதற்குள் சொருகி மர ஆப்பு அடியுங்கள்.

கயிறு: 6 மி.மீ. பின்னல் கயிறு, 8 மீட்டர். கணக்கு எளிது, கம்ப உயரத்துக்கு இரண்டு மடங்கு, முடிச்சுக்கு 1 மீட்டர். உச்சியில் கப்பி ஒன்று. ஹார்ட்வேர் கடைக் கப்பி கீச்சிடும், அச்சில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், வழிந்து வெள்ளைக் கோட்டில்தான் இறங்கும்.

தலைகீழ்ப் பயத்துக்கு ஒரே நிரந்தர மருந்து: கொடியின் இரண்டு முனைக்கும் ஒரே மாதிரி வளையம் போடாதீர்கள். கம்ப ஓரத்தில் 6 செ.மீ. அகல கான்வாஸ் பட்டை மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு கயிறு ஓடட்டும். மேல் முனையில் 5 செ.மீ. மரமுளை. கீழ் முனையில் கண்ணி. ஏற்றும் கயிற்றில் இதற்கு எதிர்மாறாக: மேலே போகும் நுனியில் கண்ணி, மற்ற நுனியில் முளை. முளை கண்ணிக்குள்தான் போகும், முளைக்கு முளை சேராது. இருட்டில், பதற்றத்தில், முதல்முறை மேடை ஏறுகிற பையன் கட்டினாலும் தலைகீழாகக் கட்ட வழியே இல்லை.

#10 | கங்காணி வீட்டுப் பேரன்
இது ஒன்றுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கலாம் லா.

#11 | மேடைவிளக்கு
தொங்குகிற கொடியை விரித்துக் காட்ட வேண்டிய காட்சி இருந்தால் மேல் மடிப்புக்குள் மெல்லிய கம்பி செருகுங்கள். 1969-ல் நிலவில் நட்ட கொடிக்கும் அதே உபாயம்தான், காற்றில்லாத இடம், மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி. ஆனால் மேலே ஏறுகிற கொடிக்குக் கம்பி வேண்டாம், கயிற்றில் மாட்டும். அதற்குப் பக்கத் திரைக்குப் பின்னால் நிற்கும் மின்விசிறி, இரண்டாம் வேகம். மூன்றில் வைத்தால் சத்தம் வசனத்தை விழுங்கும்.

#12 | ஒட்டுப்பால்
துணியும் கம்பமும் புரிந்தது. இனி மரியாதை. கற்பனை நாடுதானே, நாமே விதி வைத்துக்கொள்ளலாமா?

#13 | கொடிப்பித்தன்
வைக்கலாம். ஆனால் விதி துணியிலிருந்தும் கயிற்றிலிருந்தும் பிறக்க வேண்டும். ஆகாயத்திலிருந்து விதி எழுதினால் நடிகர்கள் மறந்துபோவார்கள்.

ஏற்றும்போது விறுவிறு, இறக்கும்போது நிதானம். இது பல நாடுகளில் உள்ள வழக்கம், நடிகருக்கும் மனத்தில் நிற்கும்.

அரைக்கம்பத்துக்கு நேரே பாதியில் நிறுத்தக்கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு இறக்க வேண்டும். இறக்கும் நேரத்திலும் உச்சிக்கு ஒருமுறை போய்த்தான் கீழே வரவேண்டும். உங்கள் கம்பத்தில் உச்சிக்கும் கொடியின் மேல் விளிம்புக்கும் குறைந்தது ஒரு கொடி உயரம், அதாவது 90 செ.மீ. இடைவெளி விடுங்கள். 30 செ.மீ. மட்டும் விட்டால் கயிறு நழுவிவிட்டது என்று சபை நினைக்கும்.

மேசைக் கொடியை அரைக்கம்பத்தில் விட முடியாது, குச்சி நுனியில் கறுப்பு நாடா கட்டுங்கள். இரண்டு நாட்டு மேசைக் கொடியும் ஒரே அளவு, ஒரே உயரம். சமாதான காலத்தில் ஒரு நாட்டின் கொடி இன்னொன்றைவிட உயர்ந்து நிற்கக்கூடாது. கதையில் அந்தத் தூதரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் வசனமே தேவையில்லை, அவர் கொடிக்குச்சியை 3 செ.மீ. வெட்டிவிடுங்கள். புரிகிறவர்களுக்குப் புரியும்.

சவப்பெட்டியில் இலை தலைப்பக்கம். உங்கள் கொடி 135 நீளம்தான், பெரியவர் பெட்டியை மூடாது. அதற்கென்று இழுத்து நீட்டாதீர்கள், மேற்பகுதியில் மட்டும் விரித்து இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். பெட்டியைத் தூக்கும் முன் கொடியை எடுத்து மடித்துவிட வேண்டும்.

வணக்கம் செலுத்துவதற்குக் கையை மார்பில் வைக்கட்டும். விறைப்பாக நீட்டிய வலக்கை வேண்டவே வேண்டாம், அது எந்த நாட்டை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

#14 | சாரணர் முடிச்சு
#13-க்குச் சின்னச் சேர்க்கை. கயிறு இழுப்பவர் அரைக்கம்பத்தில் மேலே பார்த்துக்கொண்டே நிற்கக்கூடாது. ஒத்திகையில் கொடி சரியான இடத்தில் நிற்கும்போது, கயிறு கட்டும் கொம்பருகே கயிற்றில் சிவப்பு நூல் சுற்றிவிடுங்கள். நூல் கைக்கு வந்தால் நிறுத்த வேண்டியதுதான். உச்சிக்கும் அதேபோல் வேறு நிற நூல். உச்சிக் குறி போடாவிட்டால் முளை கப்பிக்குள் ஏறிச் சிக்கும், அப்புறம் ஏணி வைத்தால்தான் இறங்கும்.

தூரக் கணக்கும் பாருங்கள். 3.5 மீட்டர் கம்பத்தில் கொடி ஏறும் தூரம் 2 மீட்டர்தான், ஓர் இழுப்புக்கு 35 செ.மீ. வைத்தால் ஆறு இழுப்பு. நாட்டுப்பாட்டு முழுவதற்கும் அதை நீட்டினால் ஆமை வேகம். பாட்டின் கடைசி இரண்டு அடியில் ஆரம்பியுங்கள்.

#15 | கங்காணி வீட்டுப் பேரன்
பொட்டலமாக மேலே ஏற்றி, இழுத்ததும் பூ கொட்டுகிற மாதிரி செய்தால்?

#16 | சாரணர் முடிச்சு
செய்யலாம். அது ஏற்றுவது ஆகாது, விரிப்பது. இந்தியாவில் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: ஆகஸ்டு 15-ல் கீழிருந்து ஏற்றுவார்கள், ஜனவரி 26-ல் ஏற்கெனவே உச்சியில் கட்டியிருப்பதை விரிப்பார்கள். உங்கள் கதையில் நாடு புதிதாய் விடுதலை பெறுகிற காட்சி என்றால் ஏற்றுங்கள், ஆண்டுவிழா என்றால் விரியுங்கள்.

பொட்டலத்தைச் சாதாரணப் பருத்தி நூலால் இரண்டு சுற்று. நைலான் நூல் அறாது, இழுக்கிறவர் தொங்க வேண்டியதாகிவிடும். பூ ஒரு கைப்பிடி போதும். ஈரப்பூ வைத்தால் இதழ் துணியில் ஒட்டிக் கறை விழும், காலையில் பறித்து விசிறிக் காற்றில் உலர்த்தி வையுங்கள்.

#17 | தையல்மெஷின்
நோட்டீஸில் "கொடியேற்றம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஊரே மஞ்சள் வேட்டியோடு வந்து நின்று சாமி எங்கே என்று கேட்கும்.

#18 | கொடிப்பித்தன்
அதுவும் நியாயம்தான். கோயில் கொடியேற்றம் வேறு கணக்கு: வாகனம் எழுதிய துணி, தர்ப்பை சுற்றிய கொடிமரம், ஏறின கொடி திருவிழா முடிந்து கொடியிறக்கம்வரை இறங்காது. அந்தச் சடங்கின் எதையும் நாடகத்துக்கு இரவல் வாங்காமல் இருப்பது நல்லது. மற்றபடி நமக்குக் கொடி புதிதில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வரிசைப்படுத்தும்போது தெய்வக்கொடி, வாதுக்கு அழைக்கும் அறிஞர் கொடி, கப்பல் கொடியோடு கள்ளுக்கடைக் கொடியும் வருகிறது. உங்கள் துறைமுகக் காட்சியில் பின்னால் ஒரு கள்ளுக்கடைக் கொடி கட்டினால் யாரும் கோபிக்கப் போவதில்லை, தோட்டத்து ஆட்கள் முதலில் சிரிப்பார்கள்.

#19 | மட்டுறுத்துநர்
இதை முன்பே யாராவது எழுதியிருக்க வேண்டும். மேடையில் கற்பனைக் கொடி, அதே மண்டபத்தில் உண்மைக் கொடி. இரண்டும் கலக்கக்கூடாது.

ஜாலூர் கெமிலாங்கும் பேரா கொடியும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இருக்கும். இரண்டு நின்றால் சபை பார்க்கையில் இடப்பக்கம் ஜாலூர் கெமிலாங். அந்த வரிசையில் கற்பனைக் கொடியைச் சேர்த்து நிறுத்தாதீர்கள், பக்கத்து மூலையில்கூட வேண்டாம். அதிகாரபூர்வப் பகுதி முடிந்து திரை மூடியபிறகே நாடகக் கொடி மேடைக்கு வரட்டும். காட்சிக்கு இடைஞ்சல் என்று உண்மைக் கொடியைத் திரைக்குப் பின்னால் சாய்த்து வைக்கும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். முதலிலேயே மேடைக்குக் கீழே, சபைக்குத் தெரியும் இடத்தில் நிறுத்திவிட்டால் நகர்த்த வேண்டியிருக்காது.

கட்டியபின் சரிபார்க்க: மேல் கோடு சிவப்பு, கீழ்க்கோடு வெள்ளை, மொத்தம் 14. நீலத்தின் பக்கத்தில் எட்டுக் கோடு, அதன் கீழே ஆறு, நீலத்தை ஒட்டிக் கீழே வருவது சிவப்பு. நட்சத்திரத்துக்கு முனை 14. மலிவு விலைக் கொடிகளில் கோடு குறைவதும் முனை குறைவதும் உண்டு, வாங்கும்போதே எண்ணுங்கள்.

வேற்று நாட்டுக் கொடி மாதிரி இருக்கக்கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. தேசியச் சின்னங்களைக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்திலும் பள்ளியிலும் பிற நாட்டுச் சின்னங்களைக் காட்டுவதைப் பற்றியது. 2024-ல் தெலுக் இந்தானில் ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியில் சீனக் கொடிகளை ஏந்தியது எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்று எல்லாருக்கும் தெரியும். கற்பனைக் கொடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது கற்பனையாகத் தெரிகிறவரை. நாடகப் பிரதியோடு கொடியின் படத்தையும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

#20 | மேடைவிளக்கு
கூடவே பாட்டு. நம் தேசிய கீதம் நெகாராகூவின் மெட்டு பேரா மாநிலப் பாட்டிலிருந்து வந்தது, ஆகவே நம் மாநிலத்தில் அந்த மெட்டின் சாயல் காதில் விழுந்தாலே கால் தானாக எழும்பும். கற்பனை நாட்டுப்பாட்டுக்கு மூன்று தட்டுத் தாளம் வையுங்கள், தொடக்கத்தில் முரசு உருட்டல் வேண்டாம். முதல் அடியின் மேலேயே ஒரு பாத்திரம் பேச ஆரம்பித்தால் சபை உட்கார்ந்தே இருக்கும். இல்லாவிட்டால் பாதிப்பேர் எழுந்து, பாதிப்பேர் அவர்களைப் பார்த்து யோசித்து, காட்சியே கெட்டுவிடும்.

#21 | ஒட்டுப்பால்
பச்சை 45, வெள்ளை 5, நீலம் 85, காம்பு கீழே, முளை மேலே. எழுதிக்கொண்டேன். கடைசிக் கேள்வி: இரண்டு வாரம் ஒத்திகை, நடுவில் கொடியை எப்படி வைப்பது? முறைப்படி முக்கோணமாக மடிக்கவா?

#22 | தையல்மெஷின்
மேடையில் எப்படி வேண்டுமானாலும் மடியுங்கள். வீட்டில் மடிக்காதீர்கள், மடித்த கோடு விளக்கில் அப்படியே தெரியும். மிஞ்சின பிவிசி குழாயில் இலை இருக்கும் முனை கடைசியில் வெளியே வரும்படி சுருட்டி, பழைய வேட்டியால் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு வெள்ளைக் கோட்டில் ஒரே வாரத்தில் கரும்புள்ளிப் பூஞ்சை வரும்.

#23 | சாரணர் முடிச்சு
கயிற்றைக் கம்பத்திலிருந்து கழற்றும்போது கப்பி வழியாக முழுவதும் உருவிவிடாதீர்கள். மறுபடி கோக்க ஏணி வேண்டும். இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்து, கம்பத்தோடு சுற்றி அப்படியே படுக்க வையுங்கள்.